பத்தியமா, மாத்திரையா? சரவாங்கி பற்றி நாம் பேச வேண்டியவை

(நெமிலிச்சேரியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உடல்நலக் குழு சார்பில் பேசியது. வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இனி உடல்நலக் குழுவுக்குக் கொடுத்த நேரம். இன்று நாம் பேசப் போவது நம்ம கையைப் பற்றி.

நம்மில் பல பேருக்குக் கைதான் மூலதனம். நாற்று நடுவது, களை எடுப்பது, பூ கட்டுவது, தையல், மாவு அரைத்து இட்லி போடுவது, எல்லாத்துக்கும் விரல் வேணும். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் குழுவில் சேர்ந்த பிறகுதான் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடக் கற்றோம். அந்த விரலையே மடக்கிப் போடுகிற ஒரு நோய் இருக்கிறது. டாக்டர்கள் முடக்கு வாதம் என்கிறார்கள். நம்ம பக்கத்தில் சரவாங்கி என்று சொல்வோம்.

இந்த நோய் வந்தால் குழுவில் உடனே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. "வாயைக் கட்டினா போதும், புளி, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் விட்டாலே சரியாயிடும்" என்பது ஒரு கட்சி. "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, மாத்திரையைப் போடு" என்பது இன்னொரு கட்சி. நடுவில் வலிக்காரி நிற்கிறாள். யார் பேச்சைக் கேட்பது என்று யோசிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது. அந்த ஆறு மாதம்தான் ரொம்ப முக்கியமான ஆறு மாதம். ஏன் என்று சொல்கிறோம்.

எந்த வலி, எந்த நோய்?

எல்லா மூட்டு வலியும் ஒரே நோய் இல்லை. முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம்.

• மூட்டுத் தேய்மானம்: வயதானால் வருவது. முழங்காலில் அதிகம். நடந்தால், படி ஏறினால் வலிக்கும். உட்கார்ந்தால் குறையும்.

• யூரிக் ஆசிட் வாதம்: பெரும்பாலும் ஆண்களுக்கு வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வரலாம். கால் பெருவிரல் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கும். இதில் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு. ஆட்டுக்கறி, ஈரல், இறால், பீர் குறைக்கச் சொல்வார்கள்.

• காய்ச்சலுக்குப் பிறகு வரும் வலி: 2006இல் சிக்குன்குனியா வந்தது ஞாபகம் இருக்கும். காய்ச்சல் போன பிறகும் பல மாதம் கை கால் நீட்ட முடியாமல் இருந்தோம். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே அடங்கியது.

• சரவாங்கி: இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல் கணுவிலும் மணிக்கட்டிலும் வீக்கம். காலையில் எழுந்ததும் கை மடங்காது, மரக்கட்டை மாதிரி இருக்கும். அந்த இறுக்கம் விட அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும். சோர்வு, லேசான காய்ச்சல், ரத்தசோகையும் சேர்ந்து வரலாம்.

வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பத்தியச் சீட்டை, சரவாங்கி வந்த மனைவியும் சேர்த்துக் கடைப்பிடிப்பதைப் பார்க்கிறோம். நோய் வேறு, சீட்டு வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சரவாங்கி எப்படி வருகிறது? நம்ம உடம்பில் கிருமியோடு சண்டை போட ஒரு காவல் படை இருக்கிறது. அந்தப் படை ஆளை அடையாளம் தவறி, நம்ம மூட்டுக்கு உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது. கவனிக்காமல் விட்டால் பக்கத்து எலும்பையும் அரிக்கிறது. அரித்த எலும்பு திரும்ப வளராது. கோணின விரல் தானாக நேராகாது. அரிப்பு பெரும்பாலும் முதல் ஓரிரு வருடத்திலேயே தொடங்கிவிடும். அதனால்தான் முதல் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை வேணும் என்கிறோம்.

இது அபூர்வமான நோயும் இல்லை. வட இந்தியாவில் கிராமத்து மக்களிடம் எடுத்து 1993இல் வெளியான கணக்கின்படி, ஆயிரம் பெரியவர்களில் 7 அல்லது 8 பேருக்கு இது இருந்தது. ஒரு ஆணுக்கு வந்தால் இரண்டு மூன்று பெண்களுக்கு வருகிறது.

"பத்தியம் தப்பினா, அதான் வந்தது"

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நோய் கர்ப்ப காலத்தில் பலருக்குக் குறைந்து, பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் ஏறுவது உண்டு. சிலருக்கு முதல்முறையாக ஆரம்பிப்பதே பிரசவத்துக்குப் பிறகுதான். கைக்குழந்தையைத் தூக்க முடியாமல் விரல் வீங்கி நிற்கிற பெண்ணிடம் வீட்டில் என்ன சொல்கிறோம்? "பிள்ளை பெத்த உடம்பு, வாயைக் கட்டல. பச்சைத் தண்ணியில கை வச்ச. அதான்." நோயும் அவளுக்கு, பழியும் அவளுக்கு.

பிரசவத்துக்குப் பின் உடம்பின் காவல் படையில் நடக்கிற மாற்றம்தான் இதற்குக் காரணமாக இருக்கும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஒரு நாள் குழம்பில் புளி கூடியதாலோ, ஒரு கை மோர் குடித்ததாலோ சரவாங்கி வருவதில்லை. வலிக்காரியைக் குற்றவாளி ஆக்காதீர்கள். மாமியாராக இருக்கிற சகோதரிகளுக்கு இதைத் தனியாகவே கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு கட்சிக்கும் என்ன ஆதாரம்?

இந்தச் சண்டை நம்ம ஊரில் மட்டும் இல்லை. உலகம் முழுக்க நடந்திருக்கிறது. டாக்டர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் காலின் டாங் என்ற டாக்டர் தனக்கே மூட்டுவாதம் வந்து, ஒரு பத்தியத்தால் குணமானதாகச் சொல்லி 1973இல் சமையல் புத்தகமே போட்டார். ஆட்டுக்கறி மாட்டுக்கறி, பால், பழம், மசாலா எல்லாம் விலக்கு. புத்தகம் நன்றாக விற்றது. பிறகு புளோரிடாவில் பானுஷ் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் இதைச் சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்தப் பத்தியம் கொடுத்தார்கள். இன்னொரு பாதிக்கு, பத்தியம் மாதிரியே தோன்றுகிற ஆனால் சம்பந்தமில்லாத வேறு ஒரு சாப்பாடு. யார் எதில் என்று நோயாளிக்குத் தெரியாது. பத்து வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு பேருக்குக் குறைந்திருந்தது. பொய்ப் பத்தியமும் அதே அளவு பலித்தது!

அப்படியானால் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா? அதுவும் சரியில்லை. அதே பானுஷ் 1986இல், பால் குடித்தால் மூட்டு வீங்குகிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். குளிகையில் மறைத்துக் கொடுத்தும் சோதித்தார். அந்தப் பெண்ணுக்கு அது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்.

நார்வே நாட்டு ஆஸ்லோவில் 53 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து 1991இல் வெளிவந்தது. 27 பேர் முதலில் ஏழு முதல் பத்து நாள் உபவாசம் மாதிரி இருந்து, பிறகு ஒவ்வொரு உணவாகச் சேர்த்து, ஒரு வருடம் சைவம் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் வழக்கமான சாப்பாடு. சைவ அணிக்கு வலியும் வீக்கமும் குறைந்தது. பத்தியக் கட்சிக்கு இது நல்ல ஆதாரம்தான். ஆனால் எல்லோருக்கும் குறையவில்லை. தான் எந்த அணி என்பதும் நோயாளிக்குத் தெரியும். இன்னொன்று, அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தார்கள்.

ஸ்வீடனில் 51 பேருக்கு மீன், காய், பழம், பயறு, ஆலிவ் எண்ணெய் கொண்ட மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாட்டைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஓரளவு நன்மை தெரிந்தது. மீன் எண்ணெய் தினமும் சில கிராம், மூன்று மாதம் போல எடுத்தவர்களுக்கு வலி மாத்திரைத் தேவை குறைந்ததாகவும் பல ஆய்வுகள் உண்டு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் 2022இல் வழிகாட்டுதல் கொடுத்தது. மாத்திரையோடு சேர்த்து, மத்தியதரைக் கடல் பாணிச் சாப்பாடு நல்லது. வேறு தனிப்பட்ட பத்தியங்கள், சத்து டப்பாக்கள் இந்த நோய்க்கென்று பரிந்துரைக்கப்படவில்லை. அதாவது சாப்பாடு துணை நிற்கும். தனியாக இந்த நோயை நிறுத்தாது.

நம்ம கோயம்புத்தூரில் நடந்தது

நம் மாநிலத்திலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. கோவையில் பி. ஆர். கிருஷ்ணகுமார் அவர்களின் ஆயுர்வேத நிறுவனத்தில், 1977 முதல் 1984 வரை உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடும் 290 சரவாங்கி நோயாளிகளுக்கு ஆயுர்வேத சிகிச்சை கொடுத்துக் கவனித்தார்கள். பலருக்குக் குணம் தெரிந்ததாக எழுதினார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அணி இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்க டாக்டர்களோடு சேர்ந்து கோவையிலேயே இன்னொரு ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். 43 பேர், மூன்று அணி. ஒரு அணிக்கு ஆயுர்வேதம், ஒரு அணிக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, ஒரு அணிக்கு இரண்டும். யாருக்கு எது என்று தெரியாதபடி போலி மருந்தும் சேர்த்தார்கள். 36 வாரம் கழித்து மூன்று அணிக்கும் ஏறக்குறைய ஒரே பலன். 43 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதனால் முடிவாகச் சொல்ல முடியாது, பெரிய ஆய்வு வேணும் என்று அவர்களே சொன்னார்கள்.

இதைக் காட்டி, "பாத்தீங்களா, நாட்டு வைத்தியம் போதும்" என்று சிலர் பேசலாம். கவனியுங்கள். அங்கே படித்த வைத்தியர் ஆளுக்கு ஏற்ற மருந்து கொடுத்தார். மூட்டை எண்ணி, ரத்தம் சோதித்து, எழுதி வைத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பத்தியம் அது கிடையாது.

பத்தியம் பலித்த மாதிரி ஏன் தெரிகிறது?

"எனக்குக் குறைஞ்சுதே" என்று சொல்கிற சகோதரி பொய் சொல்லவில்லை. இந்த நோய் ஏரித் தண்ணீர் மாதிரி ஏறும், இறங்கும். நாம் எப்போது பத்தியம் தொடங்குவோம்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். பெயர் பத்தியத்துக்குப் போய்விடும். மறுபடி ஏறினால், "நீ எங்கேயோ வாய் தவறியிருப்ப" என்று பழி நமக்கு வந்துவிடும். பத்தியம் எப்போதும் ஜெயிக்கும், வலிக்காரி எப்போதும் தோற்பாள். வலி குறைந்த நாளிலும் உள்ளே எலும்பு அரிப்பு நடக்கலாம் என்பதுதான் ஆபத்து.

இன்னொரு இழப்பும் உண்டு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் சாப்பிடுகிறவர்கள் நாம். அதிலும் முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், பருப்பு வாய்வு, தயிர் குளிர்ச்சி என்று விலக்கினால் தட்டில் வெறும் சோறும் ரசமும்தான் மிஞ்சும். நோயே தசையைக் கரைக்கிறது, அதோடு பட்டினியும் சேர வேண்டுமா?

மாத்திரை பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரைதான் இதற்குப் பெரும்பாலும் முதலில் தருவது. வலி மாத்திரை வேறு, இது வேறு. இது வீக்கத்தின் வேரையே அடக்கும். வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

• இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிக்குக் குழுத் தோழி ஞாபகப்படுத்தட்டும்.
• டாக்டர் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அவர் சொன்ன நாளில் தவறாமல் போடுங்கள். வயிற்றுப் புரட்டல், வாய்ப்புண் குறையும்.
• சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஈரலையும் ரத்த அணுக்களையும் பார்ப்பார்கள்.
• கர்ப்பமாக இருப்பவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. பிள்ளை வேணும் என்று நினைப்பவர்கள் பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கிறவர்களும் வாய் திறந்து சொல்லுங்கள்.

என்ன சாப்பிடலாம்?

ஆலிவ் எண்ணெய் தேடிப் போக வேண்டாம். அந்தச் சாப்பாட்டின் அமைப்பைப் பார்த்தால் காயும் கீரையும் நிறைய, பயறு பருப்பு, மீன், கொஞ்சம் பழம், சர்க்கரையும் பொரித்ததும் குறைவு. இதை நம்ம அடுப்பிலும் செய்யலாம். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கேழ்வரகு, கொய்யா. மீன் சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு முறை மத்தி, கானாங்கெளுத்தி வாங்கலாம். வஞ்சிரத்தை விட விலையும் குறைவு. சைவக்காரர்கள் பயறும் நிலக்கடலையும் சேர்க்கலாம்.

முடக்கத்தான் கீரையைத் தாராளமாகத் தோசையில், ரசத்தில் சேருங்கள். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான் என்று பெயர் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் வீக்கத்தைக் குறைக்கும் குணம் தெரிந்திருக்கிறது. ஆனால் சரவாங்கிக்கு மாத்திரைக்குப் பதிலாக அது போதும் என்று மனிதர்களிடம் நிரூபணம் ஆகவில்லை. மஞ்சளும் அப்படித்தான்.

எனக்கு இன்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிஜமாகவே தோன்றினால் என்ன செய்வது? நமக்குத்தான் கணக்கு எழுதத் தெரியுமே. வரவு செலவு நோட்டு மாதிரி ஒரு வலி நோட்டு போடுங்கள். சந்தேகப்படுகிற ஒரே ஒரு பொருளை மூன்று நான்கு வாரம் நிறுத்துங்கள். மாத்திரையை மாற்றாதீர்கள். காலை இறுக்கம் எத்தனை நிமிடம், எத்தனை விரல் வீக்கம் என்று தினமும் எழுதுங்கள். பிறகு அதே பொருளைச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு முறை செய்தும் அதே மாதிரி ஏறினால் அந்த ஒரு பொருளை மட்டும் விடுங்கள். ஏறாவிட்டால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். நோட்டை டாக்டரிடமும் காட்டுங்கள்.

எங்கே போவது?

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். இறங்கி ரோட்டைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே மூட்டுவாதத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முதலில் ஆவடி அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு போவது நல்லது. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குப் பணம் இல்லை. நமக்கு ஆகிற செலவு ஒரு நாள் கூலியும் ரயில் டிக்கெட்டும்.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

சித்த மருந்து சாப்பிடலாமா?
படித்த, பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. இரண்டு பக்கமும் மருந்து எடுத்தால் இரண்டு டாக்டருக்கும் அதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு பொடி சாப்பிட்டேன், இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. அது நல்லதுதானே?
பெயர், முகவரி, உள்ளே என்ன என்று எழுதாத பொடி என்றால் பயப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது உண்டு. வலி சட்டென்று போகும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தோடு டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீரில் வேலை செய்தால் வலி கூடுகிறதே?
குளிரில் இறுக்கம் அதிகமாகத் தெரியலாம். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, விரலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வீட்டில் மற்றவர்கள் அந்த நேரம் பாத்திரம் கழுவினால் ஒன்றும் குறைந்துவிடாது.

மாத்திரை காலம் முழுக்கவா?
பலருக்குப் பல வருடம் தேவைப்படும். நோய் அடங்கி நின்றால் டாக்டரே அளவைக் குறைப்பார்.

குழுக்கள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. இரண்டு கையிலும் வீக்கமும் காலை இறுக்கமும் ஆறு வாரம் தாண்டிய உறுப்பினரை, ஊக்குநரோ வேறு ஒரு உறுப்பினரோ கூடவே போய் அரசு மருத்துவமனையில் காட்டுவது.

2. "சரவாங்கி அடியோடு போய்விடும்" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிற இடத்துக்கு உள்கடன் கொடுக்கும் முன், டாக்டர் சீட்டைப் பார்ப்பது. மருத்துவமனைக்குப் போக வர, கூலி இழப்புக்கு என்று சின்னக் கடன் கேட்டால் தாமதிக்காமல் கொடுப்பது.

3. விரல் முடியாத உறுப்பினர் சந்தா கட்டவோ கூட்டத்துக்கு வரவோ தாமதமானால் அபராதம் போடாமல் முதலில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது.

பத்தியக்காரர்களுக்கும் மாத்திரைக்காரர்களுக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான். மாத்திரையை டாக்டர் சொன்னபடி சாப்பிடுவோம். தட்டில் கீரையும் பயறும் மீனும் இருக்கட்டும். வலிக்காரியின் தட்டில் இருப்பதைப் பிடுங்குகிற எந்த வைத்தியத்தையும் இரண்டு முறை யோசிப்போம். அதிலும் முதல் ஆறு மாதத்தைப் பேச்சிலேயே கழித்துவிடாதீர்கள்.

இன்றைக்குக் கேட்டதை வராத ஒரு சகோதரிக்காவது போய்ச் சொல்லுங்கள்.